கேம்பஸ்ல அரசியல் பேசலாமா? ரப்பர் விலையில் தொடங்கி இன்றுவரை தொடரும் ஒரு சட்டத்தின் கதை

"வாயைத் திறக்காதே. ஒழுங்கா படிச்சு, பட்டத்தை வாங்கிட்டு வீட்டுக்கு வந்து சேரு."

ஈப்போவிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளிடம் பல அம்மாக்கள் கடைசியாகச் சொல்லி அனுப்புவது இதைத்தான். சாப்பாடு, உடம்பு, பணம் எல்லாம் பேசி முடித்த பிறகு, பஸ் கிளம்பும் நேரத்தில் வரும் வார்த்தை இது.

ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு தனி ஆளின் கதை இல்லை, உங்கள் வகுப்பில் யாராகவும் இருக்கலாம். தாத்தா பேராவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்ட பிறகு குடும்பம் ஈப்போ ஓரத்தில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்தது. அப்பா லாரி ஓட்டுகிறார். வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் இவர்தான்.

ஒருநாள் இரவு ஹாஸ்டலில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறார். நல்ல மதிப்பெண் வாங்கிய சித்தி மகனுக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்கவில்லை என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி. கோபம் வருகிறது. ஒரு போஸ்ட் எழுதுகிறார். 'போஸ்ட்' பட்டனை அழுத்தும் முன் விரல் நிற்கிறது.

"இத போட்டா பிரச்சினை ஆகுமா? ஸ்காலர்ஷிப் போயிருமா? டிசிப்ளின் போர்டு கூப்பிடுவாங்களா?"

இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிய, 1974-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்தக் கதை தொடங்குவது ஒரு பல்கலைக்கழகத்தில் இல்லை. ரப்பர் பாலின் விலையில்.

கோபம் எங்கிருந்து வருகிறது?

முதலில் இன்றைய நிலவரத்தைப் பார்ப்போம்.

எஸ்பிஎம் முடித்த மாணவர் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று எஸ்டிபிஎம். மூன்று பருவங்கள், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. இன்னொன்று மெட்ரிகுலேஷன். பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு. இரண்டிலிருந்தும் யூபியூ வழியாக ஒரே பல்கலைக்கழக இடங்களுக்குத்தான் விண்ணப்பம் போகிறது.

மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா மாணவர்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்ற ஒதுக்கீடு 2000-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. 2019 ஏப்ரலில் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டன. ஆனால் 90-க்கு 10 என்ற விகிதம் அப்படியே இருந்தது.

2024 ஜூன் 30-ஆம் தேதி, எஸ்பிஎம் தேர்வில் 10ஏ அல்லது அதற்கு மேல் எடுக்கும் எல்லா மாணவர்களுக்கும், இனம் பார்க்காமல், மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். பல தமிழ்க் குடும்பங்கள் மூச்சு விட்டன. அடுத்த ஆண்டே ஒரு சிக்கல் வந்தது. அந்த 10ஏ-வில் 'ஏ மைனஸ்' சேராது என்று தெரியவந்தது. ஒன்றிரண்டு ஏ மைனஸ் வாங்கிய மாணவர்கள், "நாங்களும் 10ஏ தானே?" என்று கேட்டார்கள்.

பணம் இன்னொரு தலைவலி. 1997-இல் அமைக்கப்பட்ட பிடிபிடிஎன் கடன்தான் பலருக்கு ஒரே வழி. பட்டம் வாங்கும் நாளிலேயே கடனும் கையில் வரும். வெளியே குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. அதில் வீட்டு வாடகை, மோட்டார் தவணை, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக, கடனுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடாத மாணவர் குறைவு.

ஆக, கோபப்படக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

'ஆக்கு' என்றால் என்ன?

மலேசியாவில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களை நடத்தும் சட்டத்தின் பெயர் 'பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971'. மலாய்ப் பெயரின் சுருக்கம் ஆக்கு. கேம்பஸில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பல்கலைக்கழகம் எப்படி அமைக்கப்பட வேண்டும், துணைவேந்தரின் அதிகாரம் என்ன என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் மாணவர்கள் மத்தியில் அது பிரபலமானது இரண்டு பிரிவுகளால். 15-ஆவது பிரிவு, மாணவர்கள் எந்த அமைப்பில் சேரலாம், எதில் சேரக்கூடாது என்று சொல்கிறது. 16-ஆவது பிரிவைச் சார்ந்தவை ஒழுங்கு நடவடிக்கை பற்றியவை.

1960-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. அங்கே மாணவர்கள் மேடை போட்டுப் பேச ஒரு 'ஸ்பீக்கர்ஸ் கார்னர்' இருந்தது. மாணவர் சங்கம் தன் பணத்தைத் தானே நிர்வகித்தது. 1969 பொதுத் தேர்தலின்போது மாணவர்கள் சொந்தமாக ஒரு தேர்தல் அறிக்கையே வெளியிட்டு நாடு முழுவதும் போய்ப் பேசினார்கள். அதற்குப் பிறகு 1971-இல் ஆக்கு வந்தது. அப்போதும் சட்டத்தின் பிடி கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. அதை இறுக்கியது 1974.

பாலிங்கில் என்ன நடந்தது?

பாலிங், கெடா மாநிலத்தில் பேரா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். அங்கே பெரும்பாலும் மலாய்க்காரர்களான சிறு ரப்பர் தோட்டக்காரர்கள் வாழ்ந்தார்கள். சில ஏக்கர் நிலம், அதில் சில நூறு மரங்கள், அதுதான் அவர்களின் வருமானம்.

1973-இல் உலக அளவில் எண்ணெய் விலை ஏறியது. அதோடு அரிசி, சர்க்கரை, மாவு எல்லாம் விலை ஏறின. ஆனால் 1974-இல் ரப்பர் விலை சரிந்தது. சம்பாத்தியம் இறங்க, செலவு ஏறியது. பாலிங்கில் மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்ற செய்தி பரவியது. பட்டினிச் சாவு எதுவும் இல்லை என்று அரசாங்கம் மறுத்தது. நவம்பரில் ஆயிரக்கணக்கான கிராமத்து மக்கள் பாலிங்கில் திரண்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் கூட்டம் இன்னும் பெருகியது.

அவர்களுக்கு ஆதரவாக 1974 டிசம்பர் 3-ஆம் தேதி, கோலாலம்பூரில் பல கல்வி நிலையங்களின் மாணவர்கள் சிலாங்கூர் கிளப் திடலில் கூடினார்கள். இன்று டத்தாரான் மெர்டேக்கா என்று நாம் செல்ஃபி எடுக்கும் அதே திடல். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

அடுத்த சில நாட்களில் போலீஸ் பல்கலைக்கழக வளாகங்களுக்குள் நுழைந்தது. மாணவர் தலைவர்களும் விரிவுரையாளர்களும் விசாரணை இல்லாமல் தடுத்து வைக்க வழி செய்யும் இசா சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சையத் ஹுசின் அலி ஆறு ஆண்டுகள் உள்ளே இருந்தார். அப்போது முஸ்லிம் இளைஞர் இயக்கத் தலைவராக இருந்த ஓர் இளைஞர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தடுப்புக் காவலில் இருந்தார். அவர் பெயர் அன்வார் இப்ராஹிம். இன்றைய பிரதமர்.

அவர் வைக்கப்பட்ட இடம் கமுண்டிங். அது பேராவில், தைப்பிங் பக்கத்தில் இருக்கிறது.

தோட்டத்துத் தாத்தாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

"பாலிங் மலாய்க் கிராமத்துக் கதைதானே, நமக்கு என்ன?" என்று கேட்கலாம்.

ரப்பர் விலை கம்பத்து வீட்டுக்கு ஒரு விலை, தோட்டத்து லயத்துக்கு ஒரு விலை என்று சரியவில்லை. தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் சங்கமும் போட்ட ஒப்பந்தங்களில், மரம் வெட்டுபவர்களின் சம்பளம் ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. விலை இறங்கினால் கூலியும் இறங்கும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைக்கு வருமானமும் போச்சு. விடியற்காலை பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டி, பால் வாளியைச் சுமந்து ஸ்டோரில் நிறுத்துப் பார்த்தவர்களுக்கு உலகச் சந்தை என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மாதக் கடைசியில் கையில் வரும் வெள்ளியே சொல்லிவிடும்.

பேராவுக்கு இதில் இன்னும் பழைய உறவு உண்டு. 1877-இல் கோலாகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகள் நாட்டின் முதல் ரப்பர் மரங்களில் சேரும். அவற்றில் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகம் அருகில் நிற்கிறது. அந்த மரங்களைத் தொடர்ந்து வந்த தோட்டங்களுக்குத்தான் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

அப்படிப் பார்த்தால், 1974-இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தது ரப்பர் பால் வெட்டும் மக்களுக்காக. அதற்குப் பதிலாக வந்த கட்டுப்பாடுதான், அதே ரப்பர் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அவர்களுக்காகக் காத்திருந்தது.

1975: என்ன மாறியது?

பாலிங் போராட்டத்துக்கு மறு ஆண்டு, ஆக்கு சட்டம் திருத்தப்பட்டது. அப்போது கல்வி அமைச்சர் டாக்டர் மகாதீர் முகமட்.

துணைவேந்தரின் அனுமதி இல்லாமல் மாணவர் எந்தக் கட்சியிலோ, தொழிற்சங்கத்திலோ, வெளி அமைப்பிலோ சேரக்கூடாது என்றானது. எந்தக் கட்சிக்கும் ஆதரவோ எதிர்ப்போ தெரிவிப்பதாகத் தோன்றும் எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது. மாணவர் சங்கங்கள் பணம் வசூலித்துத் தாங்களே நிர்வகிக்கும் உரிமை போனது. மாணவர்களைக் கவனிக்க, மாணவர் விவகாரப் பிரிவு என்ற அலுவலகம் வலுப்பெற்றது. இன்று நிகழ்ச்சி நடத்த, பேனர் கட்ட, பேச்சாளரை அழைக்க என்று எல்லாவற்றுக்கும் நீங்கள் படிவத்தோடு ஏறி இறங்கும் ஆபீஸ் அதுதான்.

சட்டத்தை மீறினால் அபராதம், சிறைத் தண்டனை கூட உண்டு என்று இருந்தது. ஒரு மாணவர் மீது வழக்குப் பதிவானாலே படிப்பு நிறுத்தி வைக்கப்படலாம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பிள்ளை ஒன்று மேலே வந்தால் குடும்பமே மேலே வரும் என்று நம்பியிருந்த தோட்டத்து வீடுகளில் இதன் பொருள் ரொம்ப எளிது. "சும்மா இரு."

மாற்றம் எப்படி வந்தது?

ஒரே நாளில் வரவில்லை. படிப்படியாக வந்தது. ஒவ்வொரு படியிலும் யாரோ மாட்டிக்கொண்டார்கள்.

2009-இல் ஒரு திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மாணவர்களுக்கு இருந்த குற்றவியல் தண்டனைகள் நீக்கப்பட்டன. விஷயம் பல்கலைக்கழகத்தின் உள் ஒழுங்கு நடவடிக்கையாக மாறியது. ஆனால் அரசியல் கட்சித் தடை நீடித்தது.

2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்தது. அரசியல் அறிவியல் படித்த யூகேஎம் மாணவர்கள் நால்வர் அந்தப் பகுதிக்குப் போயிருந்தபோது, தேர்தல் பிரசாரப் பொருட்கள் வைத்திருந்ததாகச் சொல்லி அவர்கள் மீது பல்கலைக்கழகம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. அரசியல் பாடம் படிக்கிறவர்கள் தேர்தலைப் பார்க்கக்கூட போகக்கூடாதா என்ற கேள்வி எழுந்தது. நால்வரும் நீதிமன்றம் போனார்கள்.

2011 அக்டோபர் 31-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அந்தத் தடை விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு தரும் பேச்சு சுதந்திரத்துக்கு அது முரணானது என்பது அந்தத் தீர்ப்பு.

2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. மாணவர்கள் கட்சியில் சேரலாம், ஆனால் கேம்பஸுக்குள் கட்சி நடவடிக்கை கூடாது.

அந்தக் கடைசித் தடை 2018 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டது. ஆக்குவோடு சேர்த்து தனியார் கல்லூரிகளுக்கான சட்டமும், கல்வி நிலையங்களின் ஒழுங்குச் சட்டமும் திருத்தப்பட்டன. அப்போது பிரதமராக இருந்தவர் மகாதீர். 1975-இல் கல்வி அமைச்சராக இருந்து கதவை மூடியவர், 43 ஆண்டுகள் கழித்து அதில் ஒரு பகுதியைத் திறந்த அரசாங்கத்துக்குத் தலைமை தாங்கினார்.

18 வயதில் ஓட்டு, ஆனால் 21 வயதில்தான் பேரணி?

2019 ஜூலை 16-இல் மக்களவை, ஓட்டுப் போடும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 211 ஓட்டுகளோடு நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு ஓட்டும் இல்லை. தேர்தலில் போட்டியிடும் வயதும் 18 ஆனது. வாக்காளர் பதிவும் தானாக நடக்கும் என்றானது.

சட்டம் நிறைவேறினாலும் நடைமுறை தள்ளிப்போனது. 2022 செப்டம்பருக்குப் பிறகுதான் என்று 2021-இல் சொல்லப்பட்டது. சரவாக்கைச் சேர்ந்த சில இளைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் கூச்சிங் உயர்நீதிமன்றம், அந்த ஆண்டு முடிவதற்குள் 18 வயது ஓட்டுரிமையை அமல்படுத்தும்படி உத்தரவிட்டது. டிசம்பர் 15-இல் அது நடைமுறைக்கு வந்தது.

2018 பொதுத் தேர்தலில் ஏறக்குறைய 1.49 கோடி வாக்காளர்கள். 2022 நவம்பர் 19 தேர்தலில் 2.11 கோடிக்கு மேல். அன்றைக்கே பேரா சட்டமன்றத் தேர்தலும் நடந்தது. ஈப்போ, கம்பார், சுங்கை சிப்புட் எல்லா இடத்திலும் முதல்முறை ஓட்டுப் போட்ட 18, 19 வயதுப் பிள்ளைகள் விரலில் மையோடு கேம்பஸ் திரும்பினார்கள்.

இங்கேதான் ஒரு முரண்பாடு. 2012-ஆம் ஆண்டின் அமைதியாகக் கூடும் சட்டத்தின்படி, ஒரு கூட்டத்தை ஏற்பாடு செய்ய 21 வயது ஆகியிருக்க வேண்டும். அதாவது 18 வயதில் நீங்கள் நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆகலாம். ஆனால் பிடிபிடிஎன் பற்றி ஒரு அமைதிப் பேரணியை உங்கள் பெயரில் ஏற்பாடு செய்ய முடியாது. கலந்துகொள்வது வேறு, அதற்கு 21 வயது தேவையில்லை.

என் கல்வி நிலையத்துக்கு எந்தச் சட்டம்?

பலரும் தவறாக நினைப்பது இதுதான். எல்லா மாணவருக்கும் ஆக்கு பொருந்தாது. பேராவை வைத்தே பார்க்கலாம்.

தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் அரசாங்கப் பல்கலைக்கழகம். அங்கே ஆக்கு சட்டம்.

ஸ்ரீ இஸ்கண்டாரில் இருக்கும் யூஐடிஎம் வளாகம் வேறு. யூஐடிஎம்-க்கு 1976-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

கம்பாரில் இருக்கும் யூடார், ஸ்ரீ இஸ்கண்டாரில் இருக்கும் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஈப்போவில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள் இவற்றுக்கெல்லாம் 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிலையங்கள் சட்டம்.

ஈப்போவின் ஊங்கு ஓமார் பாலிடெக்னிக், கோப்பேங்கில் இருக்கும் பேரா மெட்ரிகுலேஷன் கல்லூரி போன்றவற்றுக்கு 1976-ஆம் ஆண்டின் கல்வி நிலையங்கள் ஒழுங்குச் சட்டம்.

இவற்றுக்கு மேல் ஒவ்வொரு நிலையத்துக்கும் சொந்த மாணவர் ஒழுங்கு விதிகள் உண்டு. முதல் நாள் பதிவில் ஒரு கையேடு கொடுப்பார்களே, யாரும் திறந்து பார்க்காமல் பெட்டிக்கு அடியில் போடுவோமே, அதில்தான் அது இருக்கிறது.

அப்போ, இப்போ என்ன செய்யலாம்?

அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர் அரசியல் கட்சியில் சேரலாம். கேம்பஸில் கட்சி அரசியல் பேசுவதே குற்றம் என்று சொல்லும் விதி ஆக்குவில் இப்போது இல்லை. கொள்கைகளை விமர்சிக்கலாம். மெட்ரிகுலேஷன் ஒதுக்கீடு நியாயமா என்று கேட்பதும், பிடிபிடிஎன் பற்றிக் கருத்துச் சொல்வதும், ஹாஸ்டல் தண்ணீர்ப் பிரச்சினைக்குக் கையெழுத்து வாங்குவதும் குற்றம் இல்லை.

ஆனால் எல்லாம் திறந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மூன்று விஷயங்கள் இன்னும் நிற்கின்றன.

ஒன்று, சட்டவிரோத அமைப்பில் சேரக்கூடாது. அதோடு, மாணவர்களின் நலனுக்கோ பல்கலைக்கழகத்தின் நலனுக்கோ பொருந்தாதது என்று நிர்வாகம் முடிவு செய்யும் அமைப்பிலும் சேரக்கூடாது. 'பொருந்தாதது' எது என்று முடிவு செய்யும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது.

இரண்டு, இடமும் அனுமதியும். மண்டபம், மைக், பேச்சாளர் எல்லாம் பல்கலைக்கழகத்தின் கையில். சட்டம் தடுக்காததை ஒரு படிவம் தடுத்துவிடும். "பிராசஸ் ஆகுது" என்ற பதிலோடு நிகழ்ச்சித் தேதி கடந்து போய்விடும். 2014 அக்டோபரில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அன்வார் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்தபோது வளாகத்தின் கதவுகள் மூடப்பட்டன. மாணவர்கள் கதவைத் தள்ளித் திறந்தார்கள். பிறகு எட்டு மாணவர்கள் ஒழுங்கு நடவடிக்கையைச் சந்தித்தார்கள்.

மூன்று, கேம்பஸுக்கு வெளியே உள்ள சட்டங்கள். தேச நிந்தனைச் சட்டம் 1948, தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு ஆகியவை மாணவர், வேலைக்காரர் என்று பார்ப்பதில்லை. இனம், மதம், ஆட்சியாளர்கள் ஆகிய மூன்றையும் தொடும் பதிவுகள்தான் பெரும்பாலும் சிக்கலில் முடிகின்றன. மெட்ரிகுலேஷன் பற்றிய கோபம் ஒரு கொள்கையை நோக்கிப் போகிறதா, இல்லை ஓர் இனத்தை நோக்கிப் போகிறதா என்பது நியாயத்துக்கும் முக்கியம், சட்டத்துக்கும் முக்கியம்.

இதில் நல்ல செய்தியும் உண்டு. 2025 ஜூலை 1-இல் கூட்டரசு நீதிமன்றம், போலீசுக்கு முன்கூட்டியே அறிவிக்காமல் கூட்டம் நடத்துவதைக் குற்றமாக்கித் தண்டிக்கும் விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று சொன்னது. அறிவிக்க வேண்டும் என்ற கடமை நீடிக்கிறது. தண்டனைதான் நீங்கியது.

'ஸ்காலர்ஷிப் போயிடும்' என்பது உண்மையா?

இது சட்டக் கேள்வி இல்லை, ஒப்பந்தக் கேள்வி. உதவித்தொகை கொடுக்கும் ஒவ்வொரு அமைப்புக்கும் தனி நிபந்தனைகள் உண்டு. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. "சீனியர் சொன்னாங்க" என்பது கணக்கில் வராது.

ஒழுங்கு நடவடிக்கை என்று அழைத்தாலும் சில அடிப்படை உரிமைகள் உண்டு. என்ன குற்றம் என்று எழுத்தில் கேட்கலாம். உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கேட்கலாம். முடிவு வந்தால் மேல்முறையீடு செய்யலாம். எச்சரிக்கை, அபராதம், இடைநீக்கம், வெளியேற்றம் எல்லாமே தண்டனைப் பட்டியலில் இருப்பவைதான். எல்லாத் தவற்றுக்கும் வெளியேற்றம் என்பது இல்லை. கடிதம் வந்தால் முதலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், தனியாகப் போகாதீர்கள், வீட்டில் சொல்லுங்கள்.

அம்மா ஏன் பயப்படுகிறார்?

அம்மா சொல்வதைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. அந்தத் தலைமுறை பார்த்தது வேறு.

2007 நவம்பர் 25-இல் ஹிண்ட்ராஃப் பேரணிக்காக பல்லாயிரம் இந்தியர்கள் கோலாலம்பூர் போனார்கள். பேராவிலிருந்தும் பஸ் பிடித்துப் போனார்கள். அடுத்த மாதமே அதன் தலைவர்கள் ஐவர் இசா சட்டத்தில் பிடிக்கப்பட்டு, அதே கமுண்டிங்குக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தைப்பிங் பக்கத்துப் பெயரைக் கேட்டாலே பெரியவர்கள் குரல் இறங்குவதற்கு இது ஒரு காரணம். இசா சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. பயத்தை நீக்க எந்தத் திருத்தமும் வரவில்லை.

2009-இல் ஈப்போவிலேயே அரசியல் தெருவுக்கு வந்தது. மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியதில் பேரா அரசாங்கம் கவிழ்ந்தது. மார்ச் 3-ஆம் தேதி, சட்டமன்றத்துக்குள் போக முடியாத நிலையில், சபாநாயகர் வி. சிவகுமார் ஒரு மழைமரத்தடியில் சபையைக் கூட்டினார். அதற்கு 'ஜனநாயக மரம்' என்று பெயர் வந்தது. மே 7-இல் அவர் சபையிலிருந்து இழுத்து வெளியேற்றப்பட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் ஆர். கணேசன். இரண்டு பக்கத்திலும் தமிழர்கள். நீங்கள் அப்போது பாலர் பள்ளிக்குக்கூடப் போயிருக்க மாட்டீர்கள். உங்கள் பெற்றோர் அதை டிவியில் பார்த்தார்கள்.

"பேசினவங்க எல்லாம் என்ன ஆனாங்க பாத்தியா?" என்று அம்மா கேட்கும்போது, அவர் இவற்றைத்தான் நினைக்கிறார்.

மற்ற இடங்களில் மாணவர்கள்?

மாணவர்கள் குரல் எழுப்புவது நமக்கு மட்டும் நடந்தது இல்லை. 1965-இல் தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியது கல்லூரி மாணவர்கள். இரண்டே ஆண்டுகளில் அங்கே ஆட்சி மாறியது. 1998-இல் இந்தோனேசியாவில் மாணவர் போராட்டத்தின் நடுவே சுஹார்த்தோ பதவி விலகினார். 2024-இல் வங்காளதேசத்தில், அரசாங்க வேலை ஒதுக்கீட்டுக்கு எதிராக மாணவர்கள் தொடங்கிய போராட்டம் ஆகஸ்ட் 5-இல் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறுவதில் முடிந்தது. அதற்குள் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்திருந்தார்கள்.

மலேசியாவின் பாதை வேறு. இங்கே பெரிய மாற்றங்கள் வழக்கு, திருத்தம், ஓட்டு என்று மெதுவாக வந்திருக்கின்றன. யூகேஎம் நால்வரும் சரவாக் இளைஞர்களும் போனது நீதிமன்றத்துக்கு.

அடுத்து என்ன?

ஆக்கு சட்டத்தை முழுவதும் நீக்க வேண்டும் என்று மாணவர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்கின்றன. பல்கலைக்கழக நிர்வாகம் முழுவதும் அந்தச் சட்டத்தின் மேல் நிற்பதால், அதை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு அரசாங்கங்கள் இன்னும் முழுப் பதில் தரவில்லை. திருத்தம் மேல் திருத்தம்தான் வருகிறது.

மெட்ரிகுலேஷன் விவகாரமும் அப்படித்தான். ஓர் அறிவிப்பு வருகிறது, ஒரு விளக்கம் வருகிறது, அடுத்த எஸ்பிஎம் முடிவோடு அதே கேள்வி திரும்ப வருகிறது. முடிவுகள் வெளிவரும்போது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்கு இல்லை, என்ன மதிப்பெண் என்று தேதியோடு எழுதி வையுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரிடமோ அமைச்சிடமோ போகும்போது, அந்தத் தாள் கோபத்தைவிட அதிகம் பேசும்.

திரும்ப அந்த ஹாஸ்டல் அறைக்கு வருவோம். மாணவியின் விரல் இன்னும் போன் மேல்தான் இருக்கிறது. அவர் எழுதியதைத் திரும்பப் படிக்கிறார். ஓர் இனத்தைப் பற்றி எழுதிய ஒரு வரியை அழிக்கிறார். "10ஏ-வில் ஏ மைனஸ் சேராது என்று ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்ற கேள்வியை மட்டும் விடுகிறார். கேட்டால் குற்றம் இல்லாத கேள்வி அது. போஸ்ட் ஆகிறது.

கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்து போன் வருகிறது. அம்மா இல்லை, தாத்தா. பேத்தியின் பதிவை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"நல்லாத்தான் கேட்டிருக்க. சாப்பிட்டியா?"